முதலில் எஸ்எம்பிஎஸ், அப்புறம்தான் கார்டு!

கணினி கேள்வி – பதில்

பழைய கம்ப்யூட்டருக்குக் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுவது பற்றி சேலம் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கார்டு விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிறது. அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும் என்பதால் விலை எதையும் எழுதவில்லை. கடைக்குப் போகும் முன் உங்கள் பெட்டியைத் திறந்து என்னென்ன பார்க்க வேண்டும் என்பதில்தான் கவனம்.

கேள்வி: ஐ5-4460, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பகுதி) கேபினட்டோடு வந்த 450 வாட். மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கு என்கிறான் நண்பன். வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை

பதில்: வேண்டாம். அந்தக் கார்டுக்கும் உங்கள் போர்டுக்கும் ஒத்துவராது.

2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்ப்பதற்கு முழு நீள ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் உள்ளே இணைப்பு 4 லேன் (தரவு போய்வரும் பாதை) மட்டுமே. பிசிஐஇ என்பது கார்டு செருகும் ஸ்லாட்டின் தரம்; பிசிஐஇ 4.0 போர்டில் அந்த 4 லேனில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போய்வரும். உங்கள் எச்81 சிப்செட் போர்டில் கிராஃபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 2.0 வேகத்துக்கு மேல் போகாது. அங்கே ஒரு லேனுக்கு 500 எம்பி, 4 லேனுக்கு வெறும் 2 ஜிபி. கூடவே கார்டின் சொந்த நினைவகமும் 4 ஜிபிதான். குடத்தில் தண்ணீர் இருக்கும்வரை குழாய் சிறிது என்று தெரியாது. விளையாட்டு 4 ஜிபியைத் தாண்டிக் கேட்ட நொடியில், மிச்சத்தை உங்கள் ரேமிலிருந்து அந்தச் சிறு குழாய் வழியே இழுக்க வேண்டும். படம் அரை நொடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுவது இதனால்தான். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) 50 என்று காட்டும், கண்ணுக்கு 20 போல இருக்கும்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். கேபினட்டின் பக்கவாட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளைப் படியுங்கள். '450 வாட்' என்று பெரிதாக அச்சடித்ததை விட்டுவிடுங்கள். +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் சிபியுவுக்கும் நிஜமாகக் கிடைக்கும் வாட். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அது 36, 37 ஆம்பியர் இருக்கும், அதாவது 430 வாட்டுக்கு மேல். கேபினட்டோடு இலவசம் போல வருகிறவற்றில் 16, 18 ஆம்பியர்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். உங்கள் சிபியுவே 84 வாட் கணக்கு. மீதியில் எந்தக் கார்டைக் கட்டி இழுப்பது? 12வி1, 12வி2 என்று இரண்டு வரி இருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அந்த எண்தான் கணக்கு. அது போடப்படவே இல்லை என்றால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்ப வேண்டாம்.

ஆக, 20,000-இல் முதல் செலவு 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரத்தில், 6+2 பின் பிசிஐஇ ஒயர் குறைந்தது இரண்டு உள்ள, ஒரு 550 வாட் எஸ்எம்பிஎஸ். இது வீண் செலவு இல்லை. அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதே எஸ்எம்பிஎஸ் போகும். இரண்டாவது செலவு, இப்போது இருப்பதைப் போலவே இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3-1600 ஸ்டிக், செகண்ட்ஸில் எடுத்தால் போதும். ஒரே ஸ்டிக்கில் ரேம் பாதிப் பாதையில்தான் ஓடுகிறது. இரண்டாவது ஸ்டிக் போட்டதும் நிற்கிற இடங்களில் பல தானாகச் சரியாகும்.

மிச்சப் பணத்துக்குக் கார்டு. எங்கள் தேர்வு ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் ஒயர். அதுவும் முழு 16 லேன் இல்லை, 8 லேன் கார்டுதான். ஆனால் 8 ஜிபி நினைவகம் இருப்பதால் 1080பி-யில் அடிக்கடி வெளியே கை நீட்டாது, பிசிஐஇ 2.0-விலும் இழப்பு தாங்கக்கூடியதே. டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் ஏஎம்டியின் இந்த ஆர்எக்ஸ் கார்டுகளின் டிரைவர் மென்பொருள் சிபியு மீது ஏற்றும் சுமையும் குறைவு. நாலு கோர் பழைய ஐ5-க்கு அது பெரிய உதவி. புதிது கட்டுப்படியாகவில்லை என்றால் செகண்ட்ஸில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் பாருங்கள். 6 ஜிபி, 125 வாட், முழு 16 லேன். பழைய போர்டுக்குத் தோதானது. ஆனால் அதில் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வன்பொருள் கிடையாது. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம்: தி டார்க் ஏஜஸ் போன்றவை அந்த வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. ஓராண்டு, இரண்டாண்டில் மதர்போர்டு மாற்றியே ஆக வேண்டியிருக்கும். அதனால் இந்தப் பெட்டிக்கு மட்டும் பொருந்தும் கார்டு வாங்காதீர்கள். அடுத்த பெட்டிக்கும் கழற்றிப் போடத் தக்கதாக வாங்குங்கள்.

கேள்வி: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரிலிருந்து 8 பின் எடுக்கும் அடாப்டர் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வைத்துச் சமாளித்தால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாமே?
— தாதகாப்பட்டி வாசகர்

பதில்: அந்த 150 ரூபாயில் வீடே புகையும். சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட். 6 பின் பிளக் கேட்கக்கூடியது 75, 8 பின் கேட்கக்கூடியது 150. விளையாட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் இளகும். கார்டோடு வரும், இரண்டு மோலெக்ஸை (பழைய 4 பின் பவர் பிளக்) ஒரு 6 பின்னாக்கும் ஒயர் இதைவிடத் தேவலை. அதையும் இரண்டு தனித்தனி ஒயர்வரிசையிலிருந்து எடுத்தால்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் பிசிஐஇ ஒயரே வரவில்லை என்றால், அதைச் செய்தவரே கார்டு மாட்டுவதற்கென்று செய்யவில்லை என்று பொருள்.

கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் மாற்ற வழியே இல்லை என்கிறவர்களுக்கு, தனி ஒயர் வேண்டாத கார்டுகள் இருக்கின்றன. ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் வரை கிடைக்கும். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட். ஜிடிஎக்ஸ் 1650-இல் ஒயர் இல்லாததும் உண்டு, 6 பின் கேட்பதும் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள். 3050-இல் 8 ஜிபி வகையும் இருக்கிறது. அது 130 வாட், ஒயர் வேண்டும், வேகமும் கூடுதல். பெயர் ஒன்றாக இருப்பதால் கடையில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுப்பது நடக்கிறது. ஜிபி எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: ஐ3-8100, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 16 ஜிபி ரேம் இரண்டு ஸ்டிக். புது விளையாட்டுகளில் 30 எஃப்பிஎஸ் தாண்டவில்லை. கார்டு போதவில்லையா, சிபியு போதவில்லையா? கடைக்குக் கடை வேறு பதில் சொல்கிறார்கள்.
— ஹஸ்தம்பட்டி வாசகர்

பதில்: கடையைக் கேட்க வேண்டாம், கம்ப்யூட்டரையே கேட்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை, கூட வரும் ரிவாட்யூனரோடு இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், எந்த பிராண்ட் கார்டிலும் ஓடும். அதில் மானிட்டரிங் பகுதியில் ஜிபியு உபயோகம், நினைவக உபயோகம், சிபியுவின் ஒவ்வொரு கோர் உபயோகம், ஃப்ரேம் டைம் ஆகியவற்றைத் திரையில் காட்டச் சொல்லி வையுங்கள். விளையாட்டில் நெரிசலான இடம் ஒன்றில் பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

ஜிபியு 95-லிருந்து 99 சதவீதம் வரை நின்றால் கார்டுதான் தடை. ஜிபியு 60, 70-இல் ஆடிக்கொண்டிருக்க, ஏதாவது ஒரு கோர் மட்டும் 100-ஐத் தொட்டு நின்றால் சிபியு தடை. சிபியுவின் மொத்தச் சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாலில் ஒரு கோர் திணறும்போதும் சராசரி 70 என்று அமைதியாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1280x720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் விறுவிறுவென்று ஏறினால் கார்டு மாற்றலாம். ஏறவே இல்லை என்றால் எந்தக் கார்டு போட்டாலும் அதே எண்தான் வரும். இரண்டுமே சும்மா இருக்க, படம் மட்டும் அவ்வப்போது உறைந்தால் விளையாட்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டி-க்கு மாற்றினால் தீரும்.

உங்கள் ஜோடியில் பெரும்பாலும் 1050 டிஐ-தான் முதலில் திணறும். 2016-இன் கார்டு, 4 ஜிபி. இந்தத் தலைமுறைக்கான புது விளையாட்டு டிரைவர்களையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். உங்கள் போர்டு பிசிஐஇ 3.0 என்பதால் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 8 லேன் கார்டுகளுக்கு 8 ஜிபி அளவு பாதை கிடைக்கிறது. கவலையில்லை. கார்டு மாற்றிய பிறகு ஐ3 தடையாகும். அப்போது பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அதே போர்டில் செகண்ட்ஸ் ஐ5-9400எஃப் அல்லது ஐ7-8700 போடலாம். உங்கள் போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் சிபியு பட்டியல் இருக்கும், அதில் உங்கள் போர்டின் ரிவிஷன் எண்ணோடு பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: ப்ளூஸ்டாக்ஸில் ஃப்ரீ ஃபயர் லேக் அடிக்கிறது. 4 ஜிபி கார்டு போடட்டுமா?
— ஆத்தூர் மாணவர்

பதில்: போடாதீர்கள். ப்ளூஸ்டாக்ஸ் போல மொபைல் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் சிபியுவையும் ரேமையும்தான் தின்னும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் என்ற வசதி அணைந்திருக்கும், அதை ஆன் செய்யுங்கள். எமுலேட்டர் செட்டிங்கில் 4 கோர், 4 ஜிபி ரேம் ஒதுக்குங்கள். மொத்த ரேமே 4 ஜிபி என்றால் செலவு அங்கேதான்.

கேள்வி: சேலை டிசைன் போடும் கடை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, சின்னப் பெட்டி, செகண்ட்ஸில் வாங்கியது. பகலில் டிசைன், ராத்திரியில் பையன்கள் விளையாட்டு. எந்தக் கார்டு உள்ளே போகும்?
— இளம்பிள்ளை வாசகர்

பதில்: அந்த எஸ்எஃப்எஃப் பெட்டியில் கார்டின் உயரம்தான் முதல் கேள்வி. லோ புரொஃபைல் என்று எழுதியதும், அரை உயரத் தகடு கூடவே வருவதும் வேண்டும். முழுத் தகட்டோடு வந்தால் மூடி மூடாது. உள்ளிருக்கும் எஸ்எம்பிஎஸ் 255 வாட், டெல்லுக்கே உரிய வடிவம். வெளிச்சந்தை எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காராது. கார்டுக்குத் தனி ஒயரும் அதில் இல்லை. எனவே 75 வாட்டுக்குள், ஒயர் இல்லாத லோ புரொஃபைல் கார்டு. அப்படித் தேடினால் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400 என்று மூன்றுதான் சுற்றிச் சுற்றி வரும். முதலாவதை எடுங்கள். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான், ஆனால் முதல் கேள்வியில் சொன்ன 4 லேன் தொல்லை அதற்கும் உண்டு. அதோடு வீடியோ என்கோடரும் அதில் இல்லை, விளையாடுவதைப் பதிவு செய்யும் பையன்களுக்கு உதவாது.

நீளமான ஸ்லாட்டுக்குக் கீழே எத்தனை தகடு இடம் காலி என்று திறந்து பாருங்கள். மேற்சொன்ன கார்டுகள் பெரும்பாலும் இரண்டு இடம் பிடிப்பவை. இன்டெல் ஆர்க் கார்டு மலிவாகக் கிடைத்தாலும் இந்தப் பெட்டிக்கு வேண்டாம். அதற்கு போர்டில் ரீசைஸபிள் பார் என்ற வசதி இருந்தால்தான் முழு வேகம் வரும். அது இன்டெல்லில் பத்தாம் தலைமுறையிலிருந்துதான் உறுதி.

கேள்வி: வீட்டோடு விசைத்தறி. மே மாதம் ஷீட் கூரையின் கீழ் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 87 டிகிரி காட்டி, எஃப்பிஎஸ் விழுகிறது. கார்டு போய்விட்டதா? புதுசு வாங்கணுமா?
— கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: வாங்க வேண்டாம், முதலில் பஞ்சை எடுங்கள். தறியிருக்கும் வீட்டில் சாதாரணத் தூசி இல்லை, நூல் பஞ்சு. அது ஹீட்சிங்க் தகடுகளின் மேல், விசிறிக்கு அடியில், கம்பளி போலப் படிந்து காற்றை முழுசாக அடைத்துவிடும். வெளியே விசிறி சுற்றுவது தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி விடுங்கள். ஸ்லாட் முனையிலுள்ள கொக்கியைத் தள்ளிக் கார்டை வெளியே எடுங்கள். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடிக்க வேண்டும். பிடிக்காமல் அடித்தால் விசிறி தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். ப்ளோயருக்கு அசையாத பஞ்சை விசிறி மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷும் முள்வாங்கியும் வைத்து எடுங்கள். விசிறி ஒயர் போர்டில் செருகியிருக்கும், மூடியை இழுக்கும் முன் அதை விடுவியுங்கள்.

அதன் பிறகும் சூடு என்றால் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஜிபியு சூட்டையும் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) சூட்டையும் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 20, 25 டிகிரிக்கு மேல் போனால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கிறது. பேஸ்ட் மாற்றும்போது சிப்பைச் சுற்றியுள்ள நாலு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், மாட்டும்போதும் அப்படியே. மெமரி மேலுள்ள ரப்பர் போன்ற பேட் கிழிந்தால் அதே கனத்தில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் சிப் மேல் ஹீட்சிங்க் படியாது, முன்பைவிடச் சூடு ஏறும்.

ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80-க்கு இறக்கி, எஃப்பிஎஸ்ஸை 60-இல் கட்டி வையுங்கள். வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியாது, சூடு குறைவது கைக்குத் தெரியும். வெளியே 39 டிகிரி வெயில் அடிக்கிற ஊரில் கார்டு 80-இல் ஓடுவது குற்றமில்லை. கேபினட்டின் முன்பக்கம் ஒரு வடிகட்டி வலை ஒட்டி, தறி ஓடும் அறை என்றால் அந்த வலையை மாதம் ஒருமுறை தட்டுங்கள்.

கேள்வி: எஸ்டேட் வீடு. அடிக்கடி மின்வெட்டு, இடி, பனிமூட்டம். 600 விஏ யூபிஎஸ் இருக்கிறது. ஆர்எக்ஸ் 6600 தாங்குமா? கம்ப்யூட்டரைச் சேலத்தில் அசெம்பிள் செய்து மேலே கொண்டுவர வேண்டும்.
— ஏற்காடு வாசகர்

பதில்: 600 விஏ என்பது வாட் இல்லை. பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் 360 வாட் என்றிருக்கும். கார்டு 132, சிபியு 65-லிருந்து 85, மற்றவை 50, மானிட்டர் 25. கூட்டினால் 300-ஐ ஒட்டி நிற்கிறது. தாங்கும், ஆனால் விளையாட்டை மூடி அணைக்கும் சில நிமிடம் மட்டுமே. பேட்டரி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கரண்ட் போன நொடியே அணைந்தாலும் ஆச்சரியமில்லை. 1000 விஏ, அதாவது 600 வாட் யூபிஎஸ் என்றால் நிம்மதி. நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவான யூபிஎஸ்ஸின் சதுர அலை மின்சாரத்துக்கு மாறும்போது சட்டென்று அணைந்துவிடும். யூபிஎஸ் வாங்கும் முன் கடையிலேயே உங்கள் கம்ப்யூட்டரை மாட்டி, விளையாட்டை ஓட்டிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கச் சொல்லிப் பாருங்கள்.

இடி நேரத்தில் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். இன்டர்நெட் ஒயரையும் சேர்த்துத்தான். போர்டு எரிவது பல நேரம் அந்த வழியாகத்தான். எர்த் ஒயர் நிஜமாக மண்ணுக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

ஈரத்துக்கு: கேபினட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் மூடி வைத்த கம்ப்யூட்டர்தான் மலையில் கெடும். ஓடுகிற கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். நெடுநாள் கழித்து ஆன் செய்து டிஸ்ப்ளே வரவில்லை என்றால் கார்டின் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டுங்கள்.

ஒரு நல்ல செய்தி. ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு, விசிறி தள்ளும் காற்றுக்குக் குளிர்விக்கும் வலு அந்த அளவு குறையும். ஆனால் அந்தக் காற்றே கீழே இருப்பதைவிடப் பல டிகிரி குளிர்ச்சி என்பதால் சேலத்தைவிட உங்களிடம் கார்டு சூடு குறைவாகத்தான் காட்டும்.

கொண்டுபோகும்போது கார்டைக் கழற்றி, அதன் அட்டைப்பெட்டியில் தனியாக எடுத்துச் செல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு ஸ்லாட்டையும் இரண்டு ஸ்குரூவையும் நம்பி அது தொங்கக்கூடாது. கேபினட்டை மதர்போர்டு படுத்தபடி, சீட்டில் வைத்து பெல்ட் போடுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ் 580 8 ஜிபி செகண்ட்ஸில் சல்லிசாக வருகிறது. மைனிங் கார்டாம். நம்பலாமா?
— ஓமலூர் வாசகர்

பதில்: மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்ட இரவு பகலாக ஓட்டுவது) ஓடியதாலேயே சிப் செத்துவிடாது. விசிறி தேய்ந்திருக்கும், பேட் காய்ந்திருக்கும், பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள். ஆர்எக்ஸ் 580-இல் அதைவிடப் பெரிய வம்பு வேறு. அதே பெயரில் 2048 எஸ்பி என்ற குறைந்த வகை சந்தையில் ஏராளம். அசலில் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு கோர்) எண்ணிக்கை 2304. இதில் 2048, அதாவது ஆர்எக்ஸ் 570-இன் அளவு. பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டி, ஷேடர் எண்ணையும் நினைவகத்தையும் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1060-இலும் இதே விளையாட்டு உண்டு: 6 ஜிபியில் 1280 கோர், 3 ஜிபியில் 1152. பெயரை மட்டும் மாற்றி எழுதிய போலி என்விடியா கார்டுகள் பலவற்றை ஜிபியு-இசட் போலி என்றே காட்டிக்கொடுக்கும்.

பிறகு யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் வண்ணப் புள்ளி, கோடு, கட்டம் எது வந்தாலும் எழுந்துவிடுங்கள், அது மெமரி கோளாறு. விசிறிச் சத்தத்தில் உரசல் இருக்கிறதா, எல்லா விசிறியும் சுற்றுகிறதா, எல்லா எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் முனையும் படம் தருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தகடு துருப்பிடித்திருந்தால் ஈரத்தில் கிடந்தது. சிப்பைச் சுற்றி அரக்கு போன்ற பிசுபிசுப்பு தெரிந்தால் யாரோ ஏற்கெனவே சூடுகாட்டி ஒட்டவைத்தது. இரண்டு வாரம் ஓடும், பிறகு ஓடாது. 'ஓட்டிக் காட்ட முடியாது, வாங்கிப் போய்ப் பாருங்கள்' என்கிற இடத்தில் பேச்சே வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் இந்தக் கார்டை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். 2017-இன் சிப், 185 வாட் இழுக்கும், டிரைவரும் தனிக் கிளைக்குப் போய்விட்டது. இதைவிட 60 வாட் குறைவாக எடுத்து வேகமாக ஓடும் 1660 சூப்பரே மேல்.

கேள்வி: ரைசன் 5 2600, பி450 போர்டு, 650 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ். ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கவா, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வாங்கவா?
— ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

பதில்: உங்கள் போர்டு பிசிஐஇ 3.0. 5060 வெறும் 8 லேன், 8 ஜிபி. 9060 எக்ஸ்டி முழு 16 லேன், அதில் 16 ஜிபி வகையும் உண்டு. பழைய போர்டுக்கு இரண்டாவதுதான் பொருத்தம், கூடுதல் பணம் கொடுத்தாவது 16 ஜிபி எடுங்கள். அதே பெயரில் 8 ஜிபி வகையும் விற்கிறது, பில்லில் 16 என்று எழுதி வாங்குங்கள்.

ஆனால் 2600 அந்தக் கார்டிடம் பாதி வேலைதான் வாங்கும். அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். 2600 மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். புது சிபியுவை மாட்டிவிட்டால் பழைய பயாஸில் அது எழும்பாது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே போகும், யூபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இந்த மாதம் சிபியு, கார்டு பிறகு.

கேள்வி: புதுக் கார்டு மாட்டினேன். விசிறி சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கடைக்காரர் கார்டு நல்லது என்கிறார். பழைய கார்டு போட்டால் வருகிறது.
— சூரமங்கலம் வாசகர்

பதில்: எச்டிஎம்ஐ ஒயரை கார்டில்தானே மாட்டினீர்கள், மதர்போர்டில் இல்லையே? கேட்பதற்குச் சங்கடமான கேள்விதான், ஆனால் இதுவே அதிகம் நடப்பது. அடுத்து 8 பின் ஒயர் கிளிக் சத்தத்தோடு முழுசாகப் போனதா, பிசிஐஇ என்று எழுதியதா என்று பாருங்கள். சிபியு என்று எழுதிய 8 பின் வேறு, அதை வலுக்கட்டாயமாக நுழைக்கக்கூடாது. கார்டை ஸ்லாட்டில் கொக்கி பூட்டும்வரை அழுத்துங்கள். மானிட்டர் விஜிஏ மட்டும் என்றால் புதுக் கார்டில் அந்த முனையே இல்லை. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்ற உள்ளே சிப் இருக்கும் அடாப்டர் வேண்டும், வெறும் ஒயர் படம் தராது.

இவை சரி என்றால் பயாஸ். 2012-ஐ ஒட்டிய போர்டுகள் பலவற்றில் பழைய பயாஸ் முறைதான் இருக்கும். புதுக் கார்டுகள் அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையை எதிர்பார்க்கும். பழைய கார்டை மாட்டி, தயாரிப்பாளர் தளத்திலுள்ள கடைசி பயாஸை ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். பிறகு பழைய முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம் என்ற வசதியை அணைத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் விண்டோஸ் வட்டு ஜிபிடி முறையில் இருக்கிறதா என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பாருங்கள். எம்பிஆர் என்று இருந்தால் சிஎஸ்எம் அணைத்ததும் விண்டோஸ் எழாது. விண்டோஸ் 10-இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால், முக்கிய ஃபைல்களை வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, மாற்றிக்கொள்ளலாம்.

படம் வந்து, டிரைவர் போட்டதும் திரை கறுத்தால் பழைய டிரைவரின் மிச்சம். இன்டர்நெட் ஒயரைக் கழற்றி, சேஃப் மோடில் போய், டிடியு என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரை வழித்தெடுத்துவிட்டு, முன்பே இறக்கி வைத்த புது டிரைவரைப் போடுங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்கிறார்கள்.
— ஐந்து ரோடு வாசகர்

பதில்: குறைவது வரி, போவது வாரண்டி. புதுக் கார்டுகளுக்கு இங்கே பெரும்பாலும் மூன்று வருடம். கடையின் ஜிஎஸ்டி எண், கார்டின் சீரியல் எண் இரண்டும் அச்சான பில்லை வாங்குங்கள். சீரியல் எண் அட்டைப்பெட்டியிலும் கார்டின் பின்புற ஸ்டிக்கரிலும் ஒன்றா என்று கடையிலேயே ஒப்பிட்டு, இரண்டையும் படமெடுத்து வையுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் அந்த சீரியல் எண்ணுக்கு இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று தயாரிப்பாளரின் இந்திய சர்வீஸ் மையத்தில் கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.